அக்கா பதவிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

பஞ்சுவின் வேலை ஈக்களுக்குச் சமைப்பது. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஆராய்ச்சி நிலையத்தில் சமையல் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வாள். விஞ்ஞானிகளுக்கா என்று அடுத்த கேள்வி வரும். இல்லை, ஈக்களுக்கு என்றதும் கேட்டவர் முகம் போகிற போக்கை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

வேலை என்னவோ சுத்தமான வேலைதான். காலை எட்டு மணிக்கு இடுப்புயரப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், ஆறியதும் இறுகக் கடற்பாசித் தூள் எல்லாவற்றையும் அளவாகப் போட்டு, கட்டி தட்டாமல் துடுப்பு மாதிரியான கரண்டியால் கிண்ட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. பிறகு அறுநூறு கண்ணாடிக் குழாய்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, ஆறவிட்டு, ஒவ்வொரு குழாயின் வாயிலும் பஞ்சு அடைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆனால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஏனென்றால் அவள் தலைமுடியே அப்படித்தான். இருபத்தெட்டு வயதில் நரைக்க ஆரம்பித்து, முப்பத்தைந்தில் ஒரு கறுப்பு முடி மிச்சமில்லாமல் வெளுத்துப்போன தலை. அதனால்தான் பஞ்சு. நிலையத்தில் இயக்குநரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் அவள் பஞ்சக்கா. அம்மா அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

இந்த அக்கா என்ற சொல்லில்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஊரே அவளை அக்கா என்றது. வீட்டில் அவள் தங்கை.

சொந்த அக்கா ஒருத்தி இருந்தாள். பஞ்சுவைவிட நான்கு வயது மூத்தவள். கதை நடந்த வருடம் பஞ்சுவுக்கு ஐம்பத்தேழு, அக்காவுக்கு அறுபத்தொன்று. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள், பஞ்சு தரைத்தளத்திலும் அக்கா மூன்றாவது மாடியிலும். அக்கா ஒரு பெரிய செருப்புக் கடையில் விற்பனையாளர். கூரை முட்ட அடுக்கிய அட்டைப் பெட்டிகளிலிருந்து வாடிக்கையாளர் கேட்ட அளவை எடுக்க ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ஏணியில் ஏறி இறங்குவாள். சாயம் போடாத கறுப்பு முடி. முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். கண்ணாடி இல்லாமல் செருப்பின் அடியில் இருக்கும் அளவு எண்ணைப் படிப்பாள்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பஞ்சு பத்து வயதில் பெரியவளானாள். பதினான்கு வயது அக்கா அப்போது பாவாடை நாடாவைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் திரிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது பதினாறில்தான் வந்தது. ஸ்டுடியோவுக்குக் குடும்பப் படம் எடுக்கப் போனபோது, போட்டோக்காரர் பஞ்சுவை மூத்த பெண் என்று பின்வரிசையில் அப்பா பக்கத்தில் நிறுத்திவிட்டு, அக்காவை அம்மா காலடியில் கையில் ரப்பர் பந்தோடு உட்கார வைத்தார். அந்தப் படம் இன்னும் அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

பஞ்சு பத்தொன்பதில் கல்யாணம் செய்து, இருபத்து நான்குக்குள் மூன்று பெற்று, நாற்பத்திரண்டில் மாதவிலக்கு நின்று, அந்தக் கடையை மூடிவிட்டாள். அக்கா முப்பத்தெட்டில்தான் கல்யாணமே செய்தாள். எட்டு வருடம் ஒன்றுமில்லை. நாற்பத்தாறில் வயிறு உப்பியபோது வாயுத் தொல்லை என்று நினைத்து மூன்று மாதம் சீரகத் தண்ணீர் குடித்தாள். அந்த வாயுத் தொல்லைக்கு இப்போது பதினைந்து வயது, மீசை அரும்புகிறது. பஞ்சுவின் மகள்வழிப் பேரனுக்குப் பதினேழு. முறைப்படி பார்த்தால் பதினைந்து வயதுக்காரன் மாமா, பதினேழு வயதுக்காரன் மருமகன். மாமாவுக்கு மருமகன்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான்.

நிலையத்தில் பேராசிரியை ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் இதே கதை குழாய்களில் நடந்துகொண்டிருந்தது. அவர் பழ ஈக்களை இரண்டு கூட்டமாக வளர்த்தார். ஒரு கூட்டத்தில், பிறந்த சில நாட்களிலேயே போடும் முட்டைகளை மட்டும் எடுத்து அடுத்த தலைமுறையை உண்டாக்குவார்கள். இன்னொன்றில், பல வாரம் தாக்குப்பிடித்து, அதற்குப் பிறகும் முட்டையிடுகிற கிழங்களின் முட்டைகளை மட்டும் எடுப்பார்கள். நூற்றுக்கணக்கான தலைமுறை இப்படிப் போனதில் இரண்டு கூட்டமும் இரண்டு சாதி ஈக்கள் போலவே ஆகிவிட்டன. பஞ்சு அவற்றுக்கு அவசரக்காரிகள், நிதானக்காரிகள் என்று பெயர் வைத்திருந்தாள். அவசரக்காரிகள் வந்த வேகத்தில் முட்டையிட்டுத் தள்ளி, ஒரு மாதத்துக்குள் இறக்கை கிழிந்து குழாயின் அடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதே வயதில் நிதானக்காரிகள் கண்ணாடிச் சுவரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். மரபணுவில் எந்தெந்த வகை வாய்த்தது என்பதுதான் வித்தியாசம் என்பார் பேராசிரியை. சில வகைகள் இளமையில் பிள்ளைப்பேற்றுக்குத் துணை நின்றுவிட்டு, முதுமையில் காலை வாரிவிடுமாம்.

பஞ்சு கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்தக் குழாய்களைப் பார்ப்பாள். நான் அவசரக்காரி, அவள் நிதானக்காரி என்று தோன்றும். அன்றைக்கு அவசரக்காரிகளின் குழாயில் உணவு ஒரு சொட்டு கூடுதலாக விழும்.

அப்படியும் அவள் வருத்தம் நரையைப் பற்றியது அல்ல. முதுமை முழுவதும் தன் பங்குக்கு வந்துவிட்டது. மூத்தவள் என்ற அதிகாரம் மட்டும் அக்கா பங்குக்குப் போய்விட்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பஞ்சு வாசல் கதவுக்கு மஞ்சள் வண்ணம் அடிக்க நினைத்தாள், அக்கா சொன்னதால் பழுப்பு அடித்தாள். பஞ்சுவின் மூன்று பிள்ளைகளும் எந்தப் பள்ளிக்கூடம், என்ன படிப்பு என்று முடிவு செய்தது அக்கா. எந்தப் பேச்சும், நான் அக்கா சொல்றேன் என்ற நான்கு சொல்லோடு முடிந்துவிடும். நான்கு என்று அக்காதான் சொல்வாள். பஞ்சு எண்ணிப் பார்த்ததில் மூன்றுதான் வந்தது. அதையும் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் பஞ்சு அக்காவின் கடைக்குச் செருப்பு வாங்கப் போனாள். கல்லாவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், அக்காவிடம், உங்க அம்மாவா என்று கேட்டாள். அக்கா ஏணியின் உச்சியில் இருந்தாள். அங்கிருந்தே ஆமாம் என்றாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. காது கொஞ்சம் மந்தம், கிட்டப் போய்ச் சத்தமாகப் பேசு என்றும் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து வந்து பஞ்சுவின் காதருகே வாயை வைத்து, கட்டடம் அதிர, அம்மா காலைக் காட்டுங்க என்றாள்.

பஞ்சு செருப்பு வாங்காமல் வந்துவிட்டாள். நான்கு நாள் மாடிப்பக்கம் போகவில்லை.

ஐந்தாவது நாள் பேராசிரியை உணவு அறைக்கு வந்தார். ஈக்களைப் பார்த்தது போக மனிதர்களையும் கொஞ்சம் பார்க்கப் போகிறோம் என்றார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய உடன்பிறந்த சகோதரிகள் வேண்டுமாம். ஒருத்திக்குச் சீக்கிரமும் மற்றவளுக்குத் தாமதமாகவும் பிள்ளை பிறந்திருந்தால் நல்லதாம். ரத்தம் கொடுத்தால் போதும். மரபணுவில் உள்ள வேறுபாடுகளைப் பார்ப்பார்கள். வயதாக ஆக மரபணுக்களின் மேல் சின்னச் சின்ன ரசாயன அடையாளங்கள் கூடும், குறையும். அவற்றைக் கணக்கிட்டு உடம்பின் வயது இன்னதென்று தோராயமாக ஓர் எண்ணும் சொல்வார்கள்.

பஞ்சு கிண்டுவதை நிறுத்தினாள். "மேடம், யாரு உடம்புக்கு அதிக வயசுன்னு அதுல தெரிஞ்சுடுமா?"

தோராயமாகத் தெரியும், மூன்று நான்கு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்றார் அவர். தெரியும் என்ற சொல்லுக்குப் பிறகு பஞ்சுவின் காதில் எதுவும் ஏறவில்லை. அன்று அவள் வாழ்நாளில் முதல் தடவையாக ஈச் சாப்பாடு அடிப்பிடித்தது.

சாயங்காலம் மூன்று மாடி ஏறிப் போய் அக்காவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பிறந்த தேதியை யாரோ ஒரு குமாஸ்தா எழுதினான், உடம்பு எழுதியதுதான் நிஜம். உடம்புக்கு எவள் மூத்தவளோ அவள்தான் இனிமேல் அக்கா. மற்றவள் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும்.

அக்கா சிரித்தாள். அவளுக்கு அது தன் இளமைக்குக் கிடைக்கப்போகும் சான்றிதழாகத்தான் பட்டது. சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பஞ்சு படியிறங்கி இரண்டாவது மாடிக்குப் போவதற்குள்தான் அவளுக்கு உறைத்தது. இளமை என்று வந்தால் பதவி போய்விடும். ஐம்பத்தேழு வருடமாக அவள் இரண்டையும் அனுபவித்துக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒன்றுதான் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ரத்தம் கொடுக்க இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் அக்கா கிழவியாக முயன்றாள். கடையில் ஏணி ஏறுவதை விட்டுவிட்டு, கல்லாப் பெண்ணை ஏற்றினாள். தினமும் இரண்டு துண்டு கேக் தின்றாள். உட்காரும்போது ஒரு முனகல், எழுந்திருக்கும்போது இரண்டு முனகல். யாரோ விட்டுப்போன மூக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதனால் கண் தெரியாமல் கதவு நிலையில் முட்டிக்கொண்டாள்.

பஞ்சுவும் சும்மா இருக்கவில்லை. கிடைக்க வேண்டிய பதவி கைநழுவிவிடக் கூடாதே என்று வெயிலில் நின்றாள், வேண்டுமென்றே கவலைப்பட்டாள். கவலைக்கு விஷயம் தீர்ந்துபோனபோது பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவர்களின் கவலைகளைக் கேட்டு வாங்கிப் பட்டாள்.

பஞ்சுவின் புருஷன் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் காலையில் படிக்கட்டில் அவர் கண்ட காட்சி இது: மேலே இருந்து ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள், கீழே இருந்து இன்னொருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். நடுவில் நின்று ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொள்கிறார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு வயசாக்கறீங்க," என்று சொல்லிவிட்டு அவர் பால் வாங்கப் போனார்.

இரண்டு வாரக் கேக்கும் இரண்டு வார வெயிலும் அந்த எண்ணைப் பெரிதாக நகர்த்திவிடாது என்று பேராசிரியை முன்பே சொல்லியிருந்தார். பஞ்சு அதை அக்காவிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையில் வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் இருந்தான். பஞ்சுவைக் காட்டி, அம்மாவுக்கு முதலில் எடுத்துவிடலாமா என்று அக்காவைக் கேட்டான். மற்ற நாளாக இருந்தால் அக்காவுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்திருக்கும். அன்றைக்கு அவனிடம் பாய்ந்தாள். "நான்தான்ப்பா மூத்தவ. நல்லா பாரு. எவ்வளவு தளர்ந்து போயிருக்கேன் பாரு." அவன் பயந்துபோய், ஆமாம் ரொம்பத் தளர்ந்துதான் போயிருக்கிறீர்கள் என்றான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். எப்போது பெரியவளானீர்கள், முதல் பிள்ளை எப்போது, கடைசி எப்போது, எப்போது நின்றது. இரண்டு பேரும் மடமடவென்று எழுதினார்கள். ஒருத்தி எழுதுவதை இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். நோய் ஆபத்து ஏதாவது தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் எல்லாக் கட்டத்திலும் சரி போடுகிறவள். அதிலும் போட்டாள். கடைசிப் பக்கத்தில், பெற்றோர் இறந்தபோது வயது என்ன, காரணம் என்ன என்றிருந்தது. அம்மா தொண்ணூற்றொன்று, முதுமை. அப்பா நாற்பத்தொன்பது. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கறுகறுவென்ற தலையோடு, தூங்குகிற மாதிரி இருந்ததால் மணியடித்துப் பூட்ட வரும்வரை யாரும் எழுப்பவில்லை. அந்த வரியில் மட்டும் இரண்டு பேனாவும் கொஞ்ச நேரம் நின்றன.

முடிவு வர நான்கு மாதம் ஆனது. பேராசிரியை இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜையில் இரண்டு உறைகள். முதலில் எண்ணைச் சொல்லுங்கள் என்றாள் பஞ்சு. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். அக்காவின் உடம்புக்கு அறுபது வயது. பஞ்சுவின் உடம்புக்கு ஐம்பத்து மூன்று.

பஞ்சு எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள்.

"மறுபடி எண்ணிப் பாருங்க மேடம்," என்றாள் பஞ்சு. "எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

அக்கா வெற்றிச் சிரிப்போடு நாற்காலியில் சாய்ந்தாள். பதவி தப்பித்தது. அந்தச் சாய்வு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அறுபதிலிருந்து ஐம்பத்து மூன்றைக் கழித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் வெளுத்து, முட்டி தேய்ந்து, மூன்று தலைமுறையைக் கண்ட இவள், தன்னைவிட ஏழு வயது சின்னவளா. அவளும் மறுபடி எண்ணச் சொன்னாள்.

நாற்பது வருடமாக ஆராய்ச்சி செய்கிறவர் அவர். சின்ன வயது என்று சொன்னதற்காக அழுகிற முகத்தோடு ஒருத்தியும், மூத்தவள் நீதான் என்று சொன்னதற்குக் கோபப்படுகிற ஒருத்தியும் ஒரே அறையில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. பொறுமையாக விளக்கினார். நரை என்பது முடிக்கு நிறம் கொடுக்கிற மரபணுக்களின் சமாசாரம், அது இதயத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பிள்ளை எப்போது பிறக்கும் என்பது வேறு சில மரபணுக்களும் வாழ்க்கையும் சேர்ந்து செய்வது. தாமதமாகப் பெற்றவர்கள் நீண்ட நாள் இருப்பது பொதுவாகக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஆயிரம் பேரை வைத்துச் சொல்லும் பேச்சு அது, ஓர் ஆளுக்குச் சட்டம் ஆகாது.

"பஞ்சக்கா, ஈக்கு நடக்கறதெல்லாம் நமக்கும் அப்படியே நடக்கணும்னு இல்ல. ஒரே அப்பா அம்மாதான். ஒரே சீட்டுக்கட்டுதான். ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் கலைச்சுக் கலைச்சுத்தான் போடறாங்க."

பிறகு இரண்டாவது உறையை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அது அக்காவுக்கு. ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை அள்ளிக்கொண்டு போக வேண்டிய மரபணு ஒன்றில், ஓர் எழுத்து மாறியிருந்தது. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். பஞ்சுவிடம் அது இல்லை. மருத்துவரிடம் போய் உறுதி செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

யாரிடமிருந்து வந்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அக்காவுக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் முடி.

மருத்துவர் சோதித்தார். கெட்ட கொழுப்பு இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. இதயத்துக்குப் போகும் குழாய்களில் ஓரளவு படிந்திருந்தது, அடைக்கவில்லை. தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும். இத்தனை நாள் எதுவும் நடக்காதது அதிர்ஷ்டம் என்று அவர் சொன்னதை, என் உடம்பு அப்படி என்று அக்கா எடுத்துக்கொண்டாள். நூறு தடவை ஏணி ஏறுகிறவளுக்கு எதற்கு மாத்திரை என்று கேட்டாள். அவர் பஞ்சுவைப் பார்த்து, உங்க பொண்ணுக்கு நீங்க எடுத்துச் சொல்லுங்கம்மா என்றார்.

அன்றிலிருந்து பஞ்சு தினமும் காலை ஏழரைக்கு மூன்று மாடி ஏறினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே பிடித்துக்கொண்டு. மாத்திரையும் தண்ணீரும் கையில் கொடுத்து, அக்கா விழுங்குவதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்தார்கள். எண் ஒரு துளிகூட இறங்கவில்லை. மருத்துவர் மாத்திரையைச் சந்தேகப்பட்டார். பஞ்சு அக்காவைச் சந்தேகப்பட்டாள்.

அடுத்த நாள் வழக்கம்போல் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போகிற மாதிரி போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அக்கா பால்கனியில் குனிந்து, நாக்கடியிலிருந்து மாத்திரையை எடுத்துப் பூந்தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சு அவளைத் தள்ளிவிட்டு மண்ணைக் கிளறினாள். பாதி கரைந்ததும் கரையாததுமாக நாற்பதுக்கு மேல் கிடைத்தது. அந்தச் செடி மட்டும் கட்டடத்தில் எந்தச் செடிக்கும் இல்லாத ஆரோக்கியத்தோடு இருந்தது.

பஞ்சுவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மண் கையோடு பால்கனித் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டா அப்புறம் இந்த வீட்டுல நான்தான் மூத்தவ," என்றாள். "யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அந்த வேலை வேண்டாம்க்கா."

அக்கா செடியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அட்டையிலிருந்து புது மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். வலப்பக்கம், இடப்பக்கம், அடி. முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன.

"போதுமா?"

"நாளைக்கும் பார்ப்பேன்," என்றாள் பஞ்சு.

மகனையும் சோதிக்க வேண்டியிருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்கா தன் ரத்தத்துக்குப் படாத பயத்தை எல்லாம் அவன் ரத்தத்துக்குச் சேர்த்துப் பட்டாள். அவனுக்கும் இருந்தது. பதினைந்து வயதில் தெரிந்தது பெரிய நன்மை, இப்போதே கவனித்தால் தாத்தாவின் கதை இவனுக்கு வராது என்று மருத்துவர் சொன்னபோது, அக்கா கைப்பையைத் திறந்து எதையோ நீண்ட நேரம் தேடினாள். பையன் சட்டை செய்யவில்லை. அம்மாவும் தானும் ஒரே மாத்திரை என்பதில் அவனுக்கு ஒரு போட்டி வந்துவிட்டது. யார் முதலில் விழுங்குவது என்று காலையில் பந்தயம். பஞ்சுதான் நடுவர். இரண்டு வாயையும் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் முடிவை அறிவிப்பாள்.

ஆறு மாதத்தில் எண் பாதியாக இறங்கியது. அக்கா பதவி அக்காவிடமே இருந்தது, ஏனென்றால் பஞ்சு அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஐம்பத்து மூன்று வயதுக்குப் பழகிக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. பேருந்தில் ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தபோது, வேண்டாம் தம்பி, பின்னால் வயதானவர்கள் யாராவது நிற்பார்கள் பார் என்றாள். அவன் அவள் தலையைப் பார்த்தான், பின்னால் பார்த்தான், குழம்பிப் போய் நின்றுகொண்டே வந்தான். அந்த இருக்கை அடுத்த மூன்று நிறுத்தத்துக்குக் காலியாகப் போனது.

அக்கா கடையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று நிலையத்துக்கு வந்தாள். பேராசிரியைக்கு நன்றி சொல்லத்தான் வந்தாள். அவர் கூட்டத்தில் இருந்ததால் உணவு அறையில் காத்திருந்தாள். பஞ்சு குழாய்களை எண்ணி வாங்கிவரப் போயிருந்த இருபது நிமிடத்தில், அலமாரியில் இருந்த டப்பாக்கள் அக்காவின் கண்ணை உறுத்தின. செருப்புப் பெட்டிகளை அளவுப்படி அடுக்கிய கை. பெரிய டப்பா கீழே, சின்னது மேலே என்று அத்தனையையும் மாற்றி அடுக்கிவிட்டு, பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று திருப்தியோடு கிளம்பிப் போனாள்.

பஞ்சு பழக்க தோஷத்தில், பார்க்காமலே கை நீட்டி எடுக்கிறவள். அன்றைய சமையலில் சர்க்கரைக்குப் பதில் கடற்பாசித் தூள் விழுந்தது. ஆறியதும் அது செங்கல்லாக இறுகியது. அறுநூறு குழாய்களையும் கவிழ்த்துத் தட்டினாலும் ஒன்றும் விழவில்லை. அவசரக்காரிகளும் நிதானக்காரிகளும் புதுச் சமையல் ஆகும்வரை பழைய குழாயிலேயே அரைப்பட்டினி கிடந்தார்கள். மாணவர்கள் ஸ்பூனால் தோண்டித் தோண்டிக் குழாய் கழுவினார்கள். பேராசிரியை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையில் உணவு அறைக் கதவில் அவர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ஊழியர்களின் சகோதரிகள் ஆய்வுக்கு மட்டும் வரவேற்கப்படுகிறார்கள், அலமாரிக்கு அல்ல.

பஞ்சு அதைப் படித்துவிட்டு உள்ளே போய், டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு ஈஸ்ட் டப்பாவை மட்டும் எடுத்து அக்கா வைத்த மேல்தட்டிலேயே திரும்ப வைத்தாள். அங்கே இருந்தால் குனிய வேண்டாம், முட்டிக்கு நல்லது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. கரண்டியை எடுத்தாள்.